நின்று எடுக்காத அளவு

போன வருஷம் ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. தென்காசியிலிருந்து அருவிக்குப் போகும் ரோட்டில் வெளியூர் வேன்கள் நகர முடியாமல் நின்றுகொண்டிருந்தன. ஊரே குளிக்கப் போய்க்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் மட்டும் மேலகரத்தில், எங்கள் வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் போன். போனில் ஷூ.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தென்காசி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அம்மா பீடி சுற்றுகிறாள். தாவரவியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். அம்மா பீடி கொடுக்கப் போகும் இடத்தில் எல்லாம், "ஒம் மவன் இப்ப என்ன பண்ணுதான்?" என்று கேட்பார்கள். அவள் கூலியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் குற்றால மலைக்கு மேலே காட்டில் மரங்களைக் கணக்கெடுக்கும் ஓர் ஆய்வுக் குழுவிலிருந்து அழைப்பு வந்தது. உதவியாளர் ஒருவர் வேண்டும். இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று நாள் காட்டில் கூடவே நடக்க வேண்டும், அதைப் பார்த்து ஒருவருக்கு வேலை. குழுத் தலைவி, கோயம்புத்தூர்க்காரர், போனில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "கனமான பூட்ஸ் வேண்டாங்க. நனைஞ்சா காயாது. அடி மெல்லிசா, லேசா, முன்பக்கம் விரல் விரியற மாதிரி அகலமா இருக்கற ஷூ போட்டுட்டு வாங்க. தரை காலுக்குத் தெரியணும்."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. கல்லூரியில் ஒருமுறை நண்பனின் தடித்த ஓட்டப்பந்தய ஷூவை மாட்டிக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் ஈரப் பாறையில் ஏறி, காலடியில் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் கணுக்காலைப் பிசகிக்கொண்டவன் நான். அதனால் தேட ஆரம்பித்தேன். தேடத் தேடத்தான் தெரிந்தது, அகலமாக இருப்பது சீக்கிரம் கிழிகிறது, கெட்டியாக உழைப்பது குறுகலாக இருக்கிறது. அகலமும் உழைப்பும் மெல்லிய அடியும் சேர்ந்து கிடைப்பது எங்கள் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. ஒன்றைப் பார்ப்பேன், மூடுவேன், மறுபடி அதையே திறப்பேன். சோறு தின்னும்போதும் இடது கை போனைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அப்பா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "செருப்புக்கா இந்தப் பாடு? பொண்ணு பாக்கிற மாரில்லா பாக்க" என்றார்.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்கும் போனேன்.

"என்ன சைஸ்ணே?" என்றார் கடைக்காரர்.

"எட்டு. ஆனா அகலமா வேணும்."

"அகலம்னா ஒம்பது போடுங்க."

போட்டேன். குதிகால் பின்னால் ஆடியது, சுண்டுவிரல் அப்படியே நசுங்கியது.

"அப்ப பத்து போட்டுப் பாருங்கண்ணே."

"அண்ணாச்சி, கால் நீளல. விரிஞ்சிருக்கு."

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். "இது என்னண்ணே, காலா விசிறியா?" என்றார். பக்கத்தில் பள்ளிக்கூட ஷூ வாங்க வந்திருந்த ஓர் அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வயல் வரப்பிலும் வாய்க்காலிலும் வெறுங்காலோடு அலைந்து வளர்ந்த பாதம், அது இஷ்டத்துக்கு விரிந்துவிட்டது. எதுவும் வாங்காமல் வெளியே வந்தேன். சோதனை நடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

என் பள்ளித் தோழன் ஒருவன் சார்ஜாவில் துணிக்கடையில் வேலை பார்க்கிறான். அவனிடம் புலம்பினேன். மறுநாளே வீடியோவில் வந்தான், கையில் ஒரு ஷூவை வைத்துக்கொண்டு.

"ஏலே, நீ சொன்ன மாரியே ஒண்ணு இங்கன கிடக்குலே. ஆனா இதுல அடியே இல்ல. புரோட்டாவைச் சுருட்டுத மாரி சுருட்டலாம், பாரு. இதையா மலைக்குப் போடப் போற?"

"அதான்லே வேணும். மேல் துணி கெட்டியா இருக்கா?"

"கிழியுதான்னு இழுத்துப் பாத்தேன். கடைக்காரன் மொறைச்சான், விட்டுட்டேன்." பிறகு சொன்னான், "அகலம் மூணு தினுசு வச்சிருக்கான். நீ ஒரு வேலை செய்யி. ஒரு வெள்ளப் பேப்பரைத் தரையில போட்டு, அதுமேல ஏறி நின்னு, காலைச் சுத்திப் பென்சில்ல வரைஞ்சு போட்டோ அனுப்பு. பக்கத்துல ஒரு ஸ்கேல் வையி. மாமா லீவுல வாராவ, அவுக பெட்டியில போட்டு விடுதேன்."

விலையைக் கேட்டேன். "உங்கம்ம எனக்குப் போட்ட சோத்துக்கு வெல கேட்டேனாலே?" என்று போனை வைத்துவிட்டான்.

பேப்பரைத் தரையில் போட்டேன். காலைத் தூக்கினேன். அவ்வளவுதான்.

"ஏலே, பேப்பர்லயா கால வைக்கே?" அம்மா மடியில் இருந்த பீடிச் சுளவுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். "படிச்ச புள்ளைதானே நீ?"

"எம்மா, இது வெறும் பேப்பர். ஒரு எழுத்துகூட இல்ல."

"எழுத்து வரத்தானே அது வெள்ளையாக் கிடக்கு?"

எங்கள் வீட்டில் பேப்பர் என்றால் சரஸ்வதி. கைநாட்டு வைக்கும் அம்மாவுக்கு, பலசரக்கு மடித்து வந்த தாள்கூட அப்படித்தான், பிரித்து நீவி மேலே எடுத்து வைப்பாள். அவள் வெளியே போகிற நேரம் பார்த்து நான் வரைந்திருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் கால் கூசியது. சின்ன வயதில் புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழகிய உடம்பு, பட்டம் வாங்கியதால் மாறிவிடுமா?

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மிதிப்பதுதான் தப்பு, பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். பரீட்சை எழுதும் அட்டையில் பேப்பரை மாட்டி, அம்மா என் உள்ளங்காலுக்கு நேராக, பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டாள். நான் வளைந்து குனிந்து பென்சிலால் சுற்றி வரைந்தேன். முடிந்ததும் அவள் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகுதான் போட்டோ எடுக்க விட்டாள்.

"விசிறி விசிறின்ன, ஒல்லியாத்தானே இருக்கு?" என்று தோழன் பதில் அனுப்பினான். மூன்று தினுசில் நடு அகலத்தை எடுத்துவிட்டான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஷூ வந்து சேர்ந்தது. உட்கார்ந்து மாட்டினேன், எனக்கென்றே தைத்தது போல இருந்தது. எழுந்து நின்றேன். இரண்டு பக்கமும் பாதத்தைப் பிடித்தது. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன், சுண்டுவிரல் எரிந்தது.

"கடிக்குதா?" என்றாள் அம்மா.

"லேசா."

"புதுசுன்னா கடிக்கத்தான் செய்யும். எண்ணெ தடவு. போடப் போடச் சரியாயிரும்."

நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். எண்ணெய் தடவினேன். வேறு ஷூவுக்கு நேரமும் இல்லை.

மறுநாள் காலை, மலையடிவாரத்தில் குழு தங்கியிருந்த கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன். குழுத் தலைவியான மேடம், வனத்துறைக் காவலர் ஒருவர், என்னைப் போலவே சோதனைக்கு வந்த சுரண்டை ஊர்க்காரர் ஒருவர், என்னோடு சேர்த்து நாலு பேர். சுரண்டைக்காரருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். அவர் காலில் கல்லூரிக் காலத்துப் பழைய ஷூ, பக்கவாட்டில் துணி விரிந்து, நிறம் போயிருந்தது. அவர் என் ஷூவைப் பார்த்தார்.

"ஃபாரின் சரக்கோவே? அப்ப வேலை உமக்குத்தான்" என்றார்.

எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றியது.

ஏற்றத்தில் பெரிதாகத் தெரியவில்லை. சாரல் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. மெல்லிய அடி வழியாக வேரும் கல்லும் ஈர இலையும் உள்ளங்காலுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. மேடம் ஒரு மரத்தைக் காட்டிப் பெயர் கேட்டார், சொன்னேன். அடுத்ததையும் சொன்னேன். மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்துச் சுற்றளவு எடுத்தோம். தலையை ஆட்டினார். வேலை எனக்குத்தான் என்று மனசு துள்ளியது. அதே நேரத்தில் வலது சுண்டுவிரல் ஷூவுக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

முதலில் எரிச்சல், பிறகு வலி. நின்றால் இன்னும் அதிகமாகத் தெரிந்ததால் நிற்கும்போதும் காலை மாற்றி மாற்றி வைத்தேன். இளைப்பாற எல்லோரும் பாறையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் கழற்றிவிடுவேன், கழற்றினால் பார்த்துவிடுவார்கள் என்று நான் மட்டும் நின்றேன்.

"உட்காருங்க, ஏன் நிக்கறீங்க?" என்றார் மேடம்.

"பரவால்ல மேடம். பழக்கம்தான்."

"காலுல சக்கரமாவே கட்டியிருக்கு?" என்றார் சுரண்டைக்காரர்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் சத்தம் போட்டார். "மேடம், ஒரு நிமிஷம் நில்லுங்க. என் ஷூ வாயப் பொளந்துட்டு." பார்த்தால், முன்பக்கம் அடி கழன்று தொங்கியது. அவர் கூச்சமே படாமல் தரையில் உட்கார்ந்தார், காவலரிடம் நைலான் கயிறு கேட்டு வாங்கினார், சுற்றிக் கட்டினார். "பேச ஆரம்பிச்சிருச்சு, வாயக் கட்டிட்டேன்" என்று எழுந்தார். மேடம் சிரித்தார். எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. சோதனைக்கு வந்த இடத்தில் இப்படியா சத்தம் போட்டுச் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

இறக்கம் வந்தது. அங்கேதான் என் கதை முடிந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் தள்ளி விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. பிறகு வலியே இல்லாமல் போனது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், விரல்கள் மரத்துப்போயிருந்தன என்பது எனக்குத் தெரியவில்லை.

ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். மழையில் தண்ணீர் வேகமாக வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கீழே பாறை முடிந்து அது சரிவில் விழும் இரைச்சல் கேட்டது. காவலரும் மேடமும் கடந்துவிட்டார்கள். நான் நடுப்பாறையில் வலது காலை வைத்தேன். வைத்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. அடுத்த நொடி இடுப்பு வரை தண்ணீர். உடம்பு சரிவுப் பக்கமாக இழுபட்டது. கை எதையும் பிடிக்கவில்லை.

பின்னால் வந்த சுரண்டைக்காரர் என் முதுகுப்பையின் வாரைப் பிடித்துவிட்டார். ஒரு கையால் பாறையையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு, "ஏ, கைய நீட்டும்வே, கைய நீட்டும்" என்று கத்தினார். காவலர் இறங்கிவந்து இழுத்துக் கரையில் போட்டார்.

ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தேன். மேடம் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் ஷூவின் நாடாவை அவிழ்த்தார். "வேண்டாம் மேடம்" என்றேன். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. ஷூவோடு ரத்தமும் தண்ணீருமாக வந்தது. சுண்டுவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்தது.

"எப்பருந்து வலிக்குது?"

"காலைலருந்து மேடம்."

"ஏன் சொல்லலை?"

அங்கேதான் எல்லாவற்றையும் கொட்டினேன். பேப்பர், அம்மா, நாற்காலி, பரீட்சை அட்டை, சார்ஜா. சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. மேடம் சிரிக்கவில்லை. "காத்துல தொங்கற கால் வேறங்க, பாரம் ஏறின கால் வேற. நின்னா அது விரியும், நீளும். நின்னுதான் அளவெடுக்கணும்" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "நாளைக்கும் மறுநாளும் நடக்க முடியுங்களா? உண்மையச் சொல்லுங்க."

முடியும் என்ற சொல் வாய் வரை வந்தது. பள்ளியிலும் கல்லூரியிலும் எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். இங்கிலீஷில் நடத்தினால் புரிகிறதா என்றால், புரிகிறது. பசிக்கிறதா என்றால், இல்லை. எங்களுக்கு இடம் கொடுத்ததே பெரிது, அதில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்றுதான் என் உடம்பு படித்திருந்தது. ஆனால் அந்தத் தண்ணீரின் இரைச்சல் இன்னும் காதில் இருந்தது. என்னைப் பிடித்தவரும் சேர்ந்து போயிருப்பார்.

"முடியாது மேடம்" என்றேன்.

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேலை போனது என்று தெளிவாகத் தெரிந்தது.

சுரண்டைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் ஷூவைத் தூக்கிப் பார்த்தார். தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு வெண்டைக்காய் போல ஒல்லியான கால். "இங்க பாரும்வே. எனக்கு வாய் பொளந்துட்டு, உமக்கு வாய் மூடிக்கிட்டு. மாத்திப் போட்டாத்தான் ரெண்டு பேரும் எறங்க முடியும்" என்றார்.

மாற்றிக்கொண்டோம். பக்கவாட்டில் விரிந்து, முன்பக்கம் பிளந்து, கயிறு கட்டிய அந்தப் பழைய ஷூவில் என் விரல்கள் அன்று முதல் முறையாக விரிந்தன. என் புது ஷூ அவர் காலில் கச்சிதமாக இருந்தது. அவர் எழுந்து இரண்டு குதி குதித்துப் பார்த்தார். அன்றைய வேலையை நிறுத்தி, எல்லோரும் மெதுவாகக் கொட்டகைக்கு இறங்கினோம். மறுநாள் அவர்கள் என் ஷூவோடு மலையேறினார்கள். நான் அவர் ஷூவோடு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் அம்மா என் காலைத்தான் முதலில் பார்த்தாள். "புதுசக் குடுத்துட்டு பிஞ்சத வாங்கிட்டா வந்திருக்க?" என்றாள். ஷூவைக் கழற்றியதும் விரலில் போட்டிருந்த துணிக்கட்டைப் பார்த்தாள், முகம் மாறியது. நடந்ததைச் சொன்னேன். நின்றால் கால் விரியும் என்பதையும் சொன்னேன். உள்ளே போய்ச் சாக்பீஸ் எடுத்து வந்தாள். "தரையில நில்லு" என்றாள். சிமெண்ட் தரையில் நின்றேன். அவளே குனிந்து, கட்டுப் போடாத இடது காலைச் சுற்றிக் கோடு இழுத்தாள். டேப் வைத்துப் பார்த்தோம். நான் அனுப்பிய அளவைவிட அரை விரல் அகலம் அதிகம்.

"நான் பிடிச்ச பிடியிலதான் இப்பிடி ஆயிட்டோ?" என்றாள்.

"இல்லம்மா. எனக்கும்தான் கால் கூசிச்சு."

அவள் அந்தக் கோட்டை அழிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

நாலாம் நாள் சுரண்டைக்காரர் போன் பண்ணினார். "வேலை எனக்குன்னு சொல்லிட்டாவவே" என்றார். குரலில் சந்தோஷத்தைவிடச் சங்கடம்தான் அதிகமாக இருந்தது. "ஷூவ எங்கன கொண்டாந்து தரணும்? உம்ம ஷூவப் போட்டுக்கிட்டு உம்ம வேலைய வாங்கிட்டு வந்துட்டேன்னு எங்கம்ம ஏசுதா."

"நீரே வச்சுக்கிடும். எனக்கு அது ஆகாது" என்றேன். அவர் பிடித்திருக்காவிட்டால் ஷூவும் இல்லை, நானும் இல்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று தெரியாது. முடியும் என்று சொல்லியிருக்கலாமோ? இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்திருக்கலாமோ? ராத்திரி படுத்தால் இதே கேள்விதான், பகலிலும் இதேதான். கால் ஆறிய பிறகும் மனசு ஆறவில்லை. சார்ஜாத் தோழனிடம் சொன்னபோது அவன், "தரைக் கோட்டை போட்டோ எடுத்து அனுப்புலே" என்றான். எதற்கு, இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்றேன். "கூப்பிடாட்டி சந்தைக்குப் போட்டுட்டுப் போ" என்றான். அனுப்பிவைத்தேன்.

தை மாதம் மேடத்திடமிருந்து போன் வந்தது. கடையம் பக்கத்து மலையில் இன்னொரு குழு தொடங்குகிறார்களாம். "வர்றீங்களா? சரியான ஷூ இருந்தா மட்டும்" என்றார்.

இருந்தது. தரைக் கோட்டைப் பார்த்து சார்ஜாத் தோழன் எப்போதோ அனுப்பிவிட்டிருந்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மேடம், அன்னைக்கு நான் முடியாதுன்னு சொன்னேனே..."

"ஆமாங்க, சொன்னீங்க, நின்னுட்டீங்க. சிலர் முடியலைனாலும் நடப்பாங்க. அப்புறம் அவங்களைத் தூக்கிட்டு வர்றதே எங்களுக்கு வேலையாப் போயிடும்" என்றார், சாதாரணமாக. அடுத்த வார்த்தையிலேயே எந்தப் பஸ்ஸில் வர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இப்போது நான் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். நான் இத்தனை மாதம் தூக்கமில்லாமல் அவமானமாகச் சுமந்துகொண்டிருந்த 'முடியாது' என்ற அந்த ஒரு சொல்லை, கேட்டவர்கள் யாரும் கேவலமாக நினைக்கவே இல்லை என்பதை நம்புவதற்குத்தான் எனக்கு எந்த மலையை ஏறுவதையும்விட அதிக காலம் பிடித்தது.